எருக்குழியில் நெளிந்தது என்ன? வாசகர் கேள்வி பதில்

மழை பிடித்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி பாம்புக் கடிதங்கள்தான். இந்த முறை நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்தவற்றில் பல ஒரே பிராணியைச் சுற்றியே வந்திருக்கின்றன. அதனால் குரங்கு, காட்டுப்பன்றி, கரடி விவகாரங்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கே: வீட்டுக்குப் பின்னால் இருக்கும் எருக்குழியை இஞ்சிப் பாத்திக்காக வெட்டியபோது ஒரு அடி நீளத்தில் பளபளவென்று ஒன்று நெளிந்து வந்தது. கருப்பும் ஊதாவும் கலந்த நிறம், இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு. கண்ணே தெரியவில்லை, எது தலை எது வால் என்றும் புரியவில்லை. மாமியார் அட்டைக்கு வைத்திருந்த உப்பை அள்ளிப் போட்டார், துடித்துச் செத்துவிட்டது. விஷப் பாம்பா சார்? பிள்ளைகள் அங்கேதான் விளையாடுகிறார்கள்.
— வாசகி, தேவாலா

பிள்ளைகள் தாராளமாக விளையாடட்டும். அது பாம்பே இல்லை. தவளைக்கும் தேரைக்கும் ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொன்னால் உங்கள் மாமியார் நம்பமாட்டார், ஆனால் விஷயம் அதுதான். தண்ணீரிலும் நிலத்திலும் வாழும் இருவாழ்விகளில் இன்றைக்கு உலகத்தில் மூன்று கூட்டங்கள் இருக்கின்றன. தவளையும் தேரையும் ஒரு கூட்டம், பல்லி போல வாலும் காலும் உள்ள சாலமாண்டர்கள் இன்னொன்று, காலே இல்லாமல் மண்ணுக்குள் வாழும் சிசிலியன்கள் மூன்றாவது. நீங்கள் பார்த்தது மூன்றாவது கூட்டத்து ஆள்.

உலகம் முழுவதும் 200 இனங்களுக்கு மேல் இவை உண்டு. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா என்று மழை நன்றாகப் பெய்யும் வெப்பமண்டலத்தில்தான் இருக்கும். இந்தியாவில் மேற்குத் தொடர்ச்சி மலையும் வடகிழக்கு மாநிலங்களும்தான் இவற்றுக்குப் பேர்போன இடங்கள். பக்கவாட்டில் மஞ்சள் கோடு ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது இக்தியோஃபிஸ் என்ற பேரினத்தில் பல இனங்களுக்கு உள்ள அடையாளம். அதில் ஒன்றுக்கு நீலகிரியோடு பழைய தொடர்பு உண்டு. மதராஸ் மாகாண வனத்துறையில் அதிகாரியாக இருந்துகொண்டு செடி, பாம்பு, தவளை என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேகரித்த பெட்டோம் என்ற ஆங்கிலேயரின் பெயரை, 1880இல் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் அதற்கு வைத்தார்: இக்தியோஃபிஸ் பெட்டோமி. உங்கள் எருக்குழியில் வந்தது அதுவேதானா என்று படம் இல்லாமல் சொல்லமாட்டேன். மஞ்சள் கோட்டுக்காரர்கள் பலர் இருக்கிறார்கள், பிடித்து வைத்துப் பார்க்கும் ஆய்வாளர்களே திணறுவார்கள்.

உப்பு விஷயத்துக்கு வருகிறேன். இவற்றுக்கு நுரையீரல் இருந்தாலும் தோல் வழியாகவும் மூச்சு விடுகின்றன, அதற்காகத் தோல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். உப்பு பட்டால் உடம்பில் இருக்கும் தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டு அப்படியே சுருண்டு சாகும். அட்டைக்கு நடப்பது போலத்தான் இதற்கும் நடக்கும். ஆனால் அட்டையாவது நம் ரத்தத்தைக் குடிக்கிறது, இது நமக்கு என்ன செய்தது?

சரி, விஷம். தவளைகளுக்கு இருப்பது போலவே இவற்றின் தோலிலும் விஷச் சுரப்பிகள் உண்டு, தன்னைத் தின்ன வருவதை விரட்டுவதற்கு. கையில் எடுத்தால் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைக் கசக்காதீர்கள், அவ்வளவு போதும். 2020இல் பிரேசிலின் புட்டான்டன் ஆய்வு நிலையத்தினர் அங்குள்ள ஒரு சிசிலியனின் பல் வரிசைக்கு அடியில் விஷச் சுரப்பி போன்ற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். உடனே ‘விஷப் பல் கொண்ட குருட்டுப் பிராணி’ என்று செய்திகள் பறந்தன. மண்புழுவைக் கவ்வும் வாயில் இருக்கும் சுரப்பி அது. அந்தச் செய்தியைப் பகிர்ந்து எனக்கு அனுப்பியவர்களே இந்த மாதமும் அனுப்பியிருக்கிறீர்கள், பார்த்தேன்.

கே: காபிச் செடிக்குக் குழி எடுத்தபோது ஒரு முழத்துக்கும் குறைவான நீளத்தில் ஒன்று அகப்பட்டது. கழுத்துப் பக்கம் மஞ்சள் கோடு. வால் நுனி அரிவாளால் வெட்டியது போல மொட்டையாக இருந்தது, அதில் மண் ஒட்டிக்கிடந்தது. நாக்கை நீட்டி நீட்டி உள்ளே இழுத்தது. உடம்பு வழவழப்புதான், ஆனால் ஈரம் இல்லை. நீங்கள் சொல்லும் சிசிலியன் இதுதானா?
— காபி விவசாயி, தாண்டிக்குடி

இல்லை, இது பாம்பேதான், ஆனால் சாதுவான பாம்பு. இவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதியதற்கு முதலில் ஒரு சபாஷ், எனக்கு வேலை மிச்சம். இது கேடயவால் பாம்பு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தவிர உலகத்தில் வேறெங்கும் இந்தக் குடும்பம் கிடையாது. பழனி மலையின் பெயரையே தாங்கிய யூரோபெல்டிஸ் புல்னியென்சிஸ் என்ற இனத்துக்குக் கழுத்தோரம் மஞ்சள் கோடு உண்டு, அநேகமாக நீங்கள் பார்த்தது அதுதான். மொட்டை வாலின் முனை சொரசொரப்பாக இருக்கும், அதில் மண் அப்பிக்கொள்ளும். பொந்துக்குள் போன பிறகு பின்னாலிருந்து வருபவனுக்கு அந்த மண்கட்டிதான் கதவு. விஷம் இல்லை. கடிக்கக்கூட முயலாது, மண்புழு தின்னும்.

அடையாளம் எளிது. பாம்புக்கு வெளியே தெரியும் செதில் இருக்கும், பிளந்த நாக்கு இருக்கும், தொட்டால் காய்ந்திருக்கும். சிசிலியன் ஈரமாக வழுக்கும், நாக்கை வெளியே நீட்டாது, உடம்பு முழுக்க மண்புழுவுக்கு இருப்பது போல வளையங்கள் இருக்கும். அதே சமயம் மண்புழுவுக்கு வாயைத் திறந்தால் பல் இருக்காது, இதற்கு இருக்கும். ஊட்டி, குன்னூர் பக்கம் தோட்டத்தில் களை கொத்தும்போது வரும் சிறிய பழுப்புப் பாம்பும் பெரும்பாலும் கேடயவால் வகைதான். அந்தக் குளிரில், உறைபனி விழும் உயரத்தில் சிசிலியனைத் தேடுவதைவிட, மேற்கே கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று இறங்கினால் பார்க்கும் வாய்ப்பு அதிகம்.

கே: கண்ணும் இல்லை, காலும் இல்லை. மண்ணுக்குள் எப்படித் தோண்டிப் போகிறது, இரையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியன் கேட்கிறேன், கொஞ்சம் விவரமாகவே எழுதுங்கள்.
— வாசகர், கோத்தகிரி

கண் இருக்கிறது ஐயா. தோலுக்கு அடியில், சில இனங்களில் எலும்புக்கே அடியில் புதைந்திருக்கிறது. வெளிச்சம், இருட்டு என்ற அளவுக்கு உணர முடியும், அதற்கு மேல் மண்ணுக்குள் என்ன பார்க்கப்போகிறது. கண்ணுக்குப் பதிலாக இதற்கென்றே ஓர் உறுப்பு உண்டு. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையில், இரண்டு பக்கமும் ஒரு சின்ன உணர்கொம்பு. நீட்டவும் இழுத்துக்கொள்ளவும் முடியும். மண்ணில் உள்ள ரசாயன வாசனையைத் தொட்டெடுத்து உள்ளே அனுப்புவது இதன் வேலை. முதுகெலும்புள்ள பிராணிகளில் இப்படியொரு உறுப்பு வேறு யாருக்கும் இல்லை. வெறும் கண்ணால் பார்ப்பது சிரமம், கைபேசியில் நெருக்கமாகப் படம் எடுத்துப் பெரிதாக்கினால் வெள்ளைப் புள்ளி போலத் தெரியும்.

தோண்டுவதற்குத் தலைதான் கருவி. தவளையின் மண்டையோடு இடைவெளிகளோடு லேசாக இருக்கும், சிசிலியனுடையது எலும்புகள் ஒன்றோடொன்று இறுகி ஒரே கட்டியாக இருக்கும். அந்தத் தலையை முட்டித் தள்ளும் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் ரசம். இதன் தோலும் அதை ஒட்டிய தசையும் உள்ளே இருக்கும் முதுகெலும்போடு இறுக்கமாக ஒட்டாமல் தளர்வாக இருக்கின்றன. அதனால் வெளித் தோல் மண்சுவரைப் பற்றிக்கொண்டு நிற்கும்போதே உள்ளே முதுகெலும்பு தனியாக வளைந்து நிமிர்ந்து முன்னேற முடியும். கூடவே, உடம்பைச் சுற்றி ஓடும் தசைகள் இறுகி உள்ளிருக்கும் திரவத்தை அழுத்துகின்றன, ஜேசிபியின் கை எண்ணெய் அழுத்தத்தால் நீளுகிறதே அதே தத்துவம், அந்த அழுத்தம் முழுவதும் தலையை முன்னால் உந்துகிறது. இதை 1997இல் மத்திய அமெரிக்கச் சிசிலியன் ஒன்றை வைத்து அளந்தே பார்த்தார்கள். அதே அளவு உடம்புள்ள, மண்ணில் துளைக்கும் பாம்புகளைவிட இதன் தள்ளு விசை அதிகமாக இருந்தது.

வாயும் சும்மா இல்லை. நம்மைப் போலத் தாடையை மூட ஒரு செட் தசை மட்டும் இல்லாமல், தாடையின் பின்பக்கக் கொம்பைக் கீழே இழுத்து மூடுவதற்கு இன்னொரு செட்டும் இருக்கிறது. குறுகிய சுரங்கத்தில் வாயை அகலத் திறக்க இடமில்லாத பிராணிக்கு இது வசதி. மண்புழுவைக் கவ்வியபின் தன் உடம்பையே அச்சாக வைத்துச் சுழன்று துண்டாக்கும் இனங்களும் உண்டு.

காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட ‘நான் பார்த்ததே இல்லையே’ என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. வெளியே வரவேண்டிய அவசியமே அதற்கு இல்லை. கனமழையில் பொந்தில் தண்ணீர் நிறைந்தாலோ, யாராவது மண்வெட்டி போட்டாலோதான் தரிசனம். வடகிழக்கில் இருவாழ்வி ஆய்வாளர் எஸ்.டி. பிஜுவும் அவருடைய குழுவினரும் ஐந்து ஆண்டுகள் மழைக்காலத்தில் மண்ணைத் தோண்டித் தோண்டித்தான் 2012இல் சிகிலிடே என்ற ஒரு புதிய குடும்பத்தையே அறிவித்தார்கள். இனம் இல்லை ஐயா, குடும்பம். நம் நாட்டில், இத்தனை காலம் கழித்து. அங்கேயும் மக்கள் இதை விஷப் பாம்பு என்று நினைத்து அடித்துக் கொன்றுகொண்டுதான் இருந்தார்கள்.

கே: அம்மாவின் தோலைக் குட்டிகள் பிய்த்துத் தின்னும் என்று வீடியோவில் பார்த்தேன். அம்மாவுக்கு வலிக்காதா? நம்ம ஊரிலும் அப்படியா?
— ஏழாம் வகுப்பு மாணவி, குன்னூர்

நீ பார்த்தது உண்மைதான் கண்ணு, கட்டுக்கதை இல்லை. கென்யா நாட்டில் டைட்டா மலை என்று ஒன்று இருக்கிறது. அங்கே உள்ள ஒரு சிசிலியனிடம் இதை 2006இல் விவரமாகக் கண்டறிந்தார்கள். குட்டிகள் முட்டையிலிருந்து வந்ததும் தாயின் மேல்தோல் மாறத் தொடங்கும், தடித்துக் கொழுப்புச் சத்து சேர்ந்து வெளிறிப்போகும். குட்டிகளுக்கு அந்த வயதில் மட்டும் தனி வகைப் பற்கள் இருக்கும், அவற்றை வைத்துத் தாயின் மேல் ஊர்ந்து தோலைச் சுரண்டித் தின்னும். மேல் படலத்தை மட்டும்தான். அடியில் புதுத் தோல் வளரும், அது தயாரானதும் அடுத்த விருந்து. தாய் அசையாமல் கிடக்கும். வலிக்கிறதா என்று தாயைக் கேட்க முடியாது, ஆனால் சதை கிழிவதில்லை, ரத்தம் வருவதில்லை.

இதைவிடப் பெரிய ஆச்சரியம் பிரேசிலில். அங்கே கோகோ தோட்டங்களில், ஆமாம் சாக்லேட் செய்கிற கோகோதான், மண்ணுக்குள் வாழும் சைபோனாப்ஸ் அனுலேட்டஸ் என்ற இனத்தின் குட்டிகள் தோலைத் தின்பது ஏற்கெனவே தெரியும். ஆனால் வாரத்துக்கு ஒரு முறை தோல் தின்று எப்படி இவ்வளவு வேகமாக வளர்கின்றன என்று ஆய்வாளர்களுக்குச் சந்தேகம். கேமரா வைத்துப் பார்த்தபோது, குட்டிகள் தாயின் வால் பக்கம் கூடி, உரசி, சின்னச் சத்தங்கள் எழுப்ப, தாய் தன் பின்துளை வழியாகப் பால் போன்ற கொழுப்பு நிறைந்த திரவத்தைக் கொடுத்தது. ஒரு நாளைக்கு ஆறு முறை வரைக்கும். முட்டை இறங்கி வரும் குழாயின் சுரப்பிகளில் அது உண்டாகிறது. 2024இல் வெளியான ஆய்வு இது. பால் கொடுப்பது பசுவும் நாயும் மனிதரும்தான் என்று உன் பாடப்புத்தகத்தில் இருந்தால் தேர்வில் அதையே எழுது, மதிப்பெண் முக்கியம். வகுப்பில் டீச்சரிடம் இதையும் சொல்லிப் பார்.

நம்ம ஊர் இக்தியோஃபிஸ் வேறு மாதிரி. ஓடை பக்கத்தில் ஈர மண்ணுக்குள் சின்ன அறை அமைத்து, முட்டைகளைக் கொத்தாக இட்டு, அவற்றைச் சுற்றி அம்மா சுருண்டு படுத்துக்கொள்ளும். 1880களில் இலங்கைக்கு வந்த சராசின் என்ற இரண்டு சுவிட்சர்லாந்துக்காரர்கள் இதைப் பார்த்து வரைந்து வைத்த படங்கள் இன்றைக்கும் பிரபலம். முட்டைக்குள் இருக்கும்போது குஞ்சுக்கு இறகு போன்ற செவுள்கள் இருக்கும். வெளியே வந்ததும் தண்ணீரை நோக்கிப் போய் ஓடையில் கொஞ்ச காலம் நீந்தி வளரும், வால் நுனியில் துடுப்புகூட இருக்கும். அப்புறம் உருமாறி மண்ணுக்குள் இறங்கிவிடும். நம் மலைத்தொடரிலேயே ஜெகெனியோஃபிஸ் என்ற இன்னொரு பேரினம் தண்ணீர்ப் பருவமே இல்லாமல் வளர்கிறது, அதில் சேஷாச்சார் என்ற நம் நாட்டு விலங்கியலாளர் பெயர் கொண்ட இனம் முட்டையே இடாமல் நேராகக் குட்டி போடுகிறது. ஒரே மலைத்தொடரில் இத்தனை வழி.

கே: இருதலைப் பாம்புக்கு லட்சக்கணக்கில் விலை தருவதாக ஒருவர் போனில் பேசினார். எங்கள் பாக்குத் தோட்டத்தில் இந்த வகை நிறைய இருக்கிறது. இது அதுவா?
— பெயர் வெளியிட விரும்பாதவர், பந்தலூர்

பெயர் வெளியிடாதது நல்லதுதான். அவர் கேட்பது மண்ணுளிப் பாம்பு, சமவெளியின் காய்ந்த மண்ணில் வாழ்வது. அதற்கு இருப்பதும் ஒரே தலைதான். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் பிராணி, பிடித்தாலும் விற்றாலும் சிறை. லட்சம் தருகிறேன் என்று போனில் பேசியவர் முதலில் உங்களிடம் முன்பணம் கேட்பார், பாருங்கள். உங்கள் தோட்டத்தில் இருப்பதற்கு எந்தச் சந்தையும் இல்லை, அதன் அதிர்ஷ்டம்.

கே: மிளகுக்கொடி, ஏலம் வேர்களைக் கடிக்குமா? குழியில் மருந்து ஊற்றலாமா?
— விவசாயி, கூடலூர்

கடிக்காது. வேருக்கும் இலைக்கும் அதன் வாயில் வேலையே இல்லை, மண்புழு, கறையான், எறும்பு, மண்ணில் உள்ள புழுக்கள் இவைதான் சாப்பாடு. மண்புழுவைத் தின்றால் மண்ணுக்குக் கெடுதல்தானே என்று நீங்கள் அடுத்து கேட்பீர்கள். சிசிலியன் நன்றாக வாழ்கிற மண்ணில் மண்புழுவும் ஏராளமாக இருக்கும், இல்லாவிட்டால் இது பட்டினி கிடந்து செத்திருக்கும். கறையானைத் தின்பதை உங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து ஊற்றவேண்டாம் என்று சொல்ல இரக்கம் தேவையில்லை, கணக்கே போதும். இல்லாத பூச்சிக்கு யாராவது காசு கொட்டி மருந்து வாங்குவார்களா? காடாக இருந்தால்தான் இது வாழும் என்பதும் இல்லை. கேரளத்தில் ரப்பர், பாக்கு, வாழைத் தோட்டங்களிலேயே ஜெகெனியோஃபிஸ் தோண்டிய இடமெல்லாம் கிடைத்திருக்கிறது. நிழல், மட்கிய இலை, காயாத மண் இந்த மூன்றும் இருந்தால் போதும். நிழல் மரத்தை வெட்டி, தரையைச் சுரண்டிப் பெருக்கி, களைக்கொல்லி அடித்து மண்ணை வெயிலில் கட்டியாக்கிய தோட்டத்தில் இதைத் தேடினாலும் கிடைக்காது. அங்கே மிளகும் எப்படி வந்திருக்கிறது என்று பக்கத்துத் தோட்டக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

கே: மீன் தொட்டியில் வளர்க்கலாமா?
— கல்லூரி மாணவர், கொடைக்கானல்

நம் மலையிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். வளர்ந்த இக்தியோஃபிஸ் மண்வாசி, தொட்டித் தண்ணீரில் போட்டால் கொலை. நீங்கள் இணையத்தில் பார்த்திருப்பது தென் அமெரிக்காவின் டிஃப்லோநெக்டிஸ், அது தண்ணீரிலேயே வாழும் வகை, ‘ரப்பர் விலாங்கு’ என்ற பெயரில் விற்கிறார்கள். அப்படி வாங்கியவர் யாரோ விட்டதுதானோ என்னவோ, 2019இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு கால்வாயில் அது பிடிபட்டது. நம் ஓடைகளுக்கு அந்தக் கதி வேண்டாம் தம்பி.

கே: தவளைக்குச் சொந்தம் என்றால் கால் எப்போது போயிற்று? ஆதாரம் இருக்கிறதா?
— வாசகர், உதகை

இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் கிடைத்த இயோசிசிலியா என்ற புதைபடிவத்துக்குச் சின்னஞ்சிறு கால்கள் இருக்கின்றன, ஏறக்குறைய 19 கோடி ஆண்டுப் பழசு. 2023இல் அதே மாநிலத்திலிருந்து அதைவிடவும் மூத்த ஒன்றை அறிவித்தார்கள், அது 22 கோடி ஆண்டு. இன்னொரு வேடிக்கை: கேரளத்து ஜெகெனியோஃபிஸின் நெருங்கிய உறவினர்கள் இந்தியப் பெருங்கடலின் சீஷெல்ஸ் தீவுகளில் இருக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் இது நீந்திப் போயிருக்க முடியாது. இந்தியாவும் சீஷெல்சும் ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலத்தின் மிச்சம் இது. ஆனால் பக்கத்திலேயே இருக்கும் மடகாஸ்கரில் ஒன்றுகூடக் கிடையாது.

கே: எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருக்கிறேன். குழி எடுக்கும்போது வந்தால் ஆட்களிடம் என்ன சொல்வது? அடிக்கத்தான் ஓடுகிறார்கள்.
— வாசகர், சேரம்பாடி

முதலில், பாம்பா இல்லையா என்று சந்தேகம் இருந்தால் யாரும் கை வைக்கவேண்டாம், மண்வெட்டியின் தட்டையான பக்கத்தில் ஈர மண்ணோடு சேர்த்து அள்ளச் சொல்லுங்கள். வெயிலில் போட்டு வேடிக்கை பார்க்கவேண்டாம், சில நிமிடத்தில் தோல் காய்ந்துவிடும். உப்பு, சுண்ணாம்பு, சாம்பல், மூன்றும் கூடாது. வேலை நடக்காத ஓரமாக, இலைச்சருகு மட்கிக்கிடக்கும் நிழலில் விட்டால் அதுவே மூக்கை நுழைத்து இறங்கிவிடும், நீங்கள் மூடக்கூட வேண்டியதில்லை. படம் எடுப்பதானால் தலையை மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வால் முனை ஒன்று, பக்கத்தில் அளவுக்கு ஐந்து ரூபாய் நாணயம். எந்த ஊர், காடா தோட்டமா, என்ன பயிர் என்று சேர்த்து எழுதி அனுப்புங்கள். போன மாதம் வந்த படங்களில் மூன்றில் வெறும் மண்வெட்டிதான் தெரிந்தது.